கடைமடைக்கும் பந்து வரும்!

உலகக் கோப்பை ஃபுட்பால் நடக்கிற வருஷத்தில் கம்பத்திலிருந்து குமுளிக்கு பஸ் ஏறிப் பாருங்கள். லோயர் கேம்ப் வரைக்கும் வழக்கமான போஸ்டர்கள்தான். காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. மலை ஏறி, குமுளியில் காலை வைத்தீர்களோ இல்லையோ, பளிச்சென்று ஒரு பிரேசில் கொடி! எதிர்க்கடையில் அர்ஜென்டினா! பாஷை மாறுவதற்கு முன்னாடியே கொடி மாறிவிடும்.

அந்தக் காற்று கீழே எங்கள் பள்ளத்தாக்கிலும் அடிக்காமல் இருக்குமா? காலையில் ஜீப் பிடித்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், சாயங்காலம் ஏலக்காய் வாசனையோடு மெஸ்ஸி, நெய்மர் பெயர்களையும் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். "நீ பிரேசிலா, அர்ஜென்டினாவா?" என்பதுதான் டீக்கடைக் கேள்வி. "நான் கேமரூன்" என்று ஒருத்தன் சொன்னால், ஜுரம் அடிக்கிறதோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அப்படி ஒருத்தன் எங்கள் வீட்டிலேயே இருந்தான். என் அண்ணன் மகன். 2017-ல் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தான் (படித்தான் என்று பள்ளிக்கூட ரெக்கார்டு சொல்கிறது). மற்ற நேரமெல்லாம் பந்து.

அந்த வருஷம் 17 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது ஞாபகம் இருக்கலாம். 24 அணிகள், 6 ஊர்கள். தமிழ்நாட்டுக்கு மேட்ச் கிடையாது. எங்களுக்குப் பக்கம் கொச்சிதான். அக்டோபர் 7, சனிக்கிழமை. சாயங்காலம் பிரேசிலும் ஸ்பெயினும். அது முடிந்து ராத்திரி வட கொரியாவும் நைஜரும்.

"சித்தப்பா, கொச்சிக்குப் போலாமா?"

"பிரேசில் பாக்கணுமா?"

"நைஜர் பாக்கணும்."

"நைஜீரியா நல்லா ஆடுவாங்களே!"

தலையில் அடித்துக்கொண்டான். "நைஜர் வேற, நைஜீரியா வேற சித்தப்பா! உத்தமபாளையமும் பாளையங்கோட்டையும் ஒண்ணா? நைஜீரியா இந்தக் கப்பை அஞ்சு தடவை ஜெயிச்சவங்க. கடைசி ரெண்டு தடவையும் அவங்கதான். அவங்களைத் தகுதிச் சுற்றுலயே வீட்டுக்கு அனுப்பிட்டு, முதல் தடவையா வந்திருக்கு நைஜர்."

சரி, கிளம்பினோம். எங்களோடு என் தாய்மாமாவும் ஒட்டிக்கொண்டார். பழனிசெட்டிபட்டிப் பக்கம் அவருக்கு முக்கால் ஏக்கர் நெல் வயல். ஃபுட்பாலுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், எனக்கும் விமானம் ஓட்டுவதற்கும் உள்ள சம்பந்தம்தான். "கொச்சியில மீன் நல்லா இருக்குமாமே மாப்ளே" என்றார். அதுதான் அவருடைய லட்சியம்!

பத்துப் பங்கு அவனுக்கு, ஒரு பங்கு எல்லாருக்கும்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணைத் தண்ணீர், தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக எங்கள் பக்கம் வருகிறது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல் அதை நம்பித்தான். லோயர் கேம்ப் பக்கம் வயல் இருந்தால் தலைமடை, ராஜா. பழனிசெட்டிபட்டிப் பக்கம் இருந்தால் கடைமடை. தலைமடைக்காரன் மனசு வைத்து, நடுமடைக்காரன் கண் அயர்ந்து, அப்புறம் மிச்சம் இருந்தால் தண்ணீர். எங்கள் மாமா பிறந்ததிலிருந்து கடைமடை.

பஸ் வண்டிப்பெரியாறு தாண்டியதும் மாமா ஆரம்பித்தார்.

"ஏன்டா பேராண்டி, ஊரே பிரேசில்ங்குது. நீ மட்டும் ஏன்டா ஆப்பிரிக்காவைப் பிடிச்சுத் தொங்குற?"

பையன் இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"1966 தாத்தா. இங்கிலாந்துல உலகக் கோப்பை. மொத்தம் 16 அணிக்கு இடம். அதுல ஐரோப்பாவுக்கு மட்டும் 10."

"சரி."

"ஆப்பிரிக்கா, ஆசியா, ஓஷியானியா மூணு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு இடம். ஆப்பிரிக்காவுல ஜெயிச்சு வர்றவனும், அதுக்கப்புறம் ஆசியாக்காரனோட மோதித்தான் உள்ளே போகணும்."

மாமா வெற்றிலைப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டார். "அதாவது தலைமடைக்காரன் பத்துப் பங்கு எடுத்துக்கிட்டான். கடைமடையில மூணு ஊருக்கும் சேர்த்து ஒரு பங்கு, நீங்களே அடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டான்?"

"அதேதான் தாத்தா!"

"அப்புறம்?"

அப்புறம் நடந்தது, ஒரு பெரிய கடையடைப்பு. கானா நாட்டு அதிபர் க்வாமே என்க்ருமா. அவருடைய விளையாட்டுத் துறையைப் பார்த்துக்கொண்டவர் ஓஹேனே ஜான். இவர்கள் முன்னால் நின்றார்கள். 'ஆப்பிரிக்காவுக்கென்று தனியாக ஒரு இடம் கொடு, இல்லையென்றால் நாங்கள் யாருமே வரவில்லை' என்று ஆப்பிரிக்க நாடுகள் ஒட்டுமொத்தமாக விலகிக்கொண்டன. ஃபிஃபா மசியவில்லை. அபராதம் வேறு போட்டது. 1966 உலகக் கோப்பையில் ஒரு ஆப்பிரிக்க அணிகூட ஆடவில்லை.

மாமா விடவில்லை. "முன்னால நின்னானே கானாக்காரன், அவன் எப்படி? சுமாரா ஆடுறவனா?"

"இல்ல தாத்தா. 1963, 1965 ரெண்டு தடவையும் ஆப்பிரிக்க சாம்பியனே கானாதான். போயிருந்தா அவங்கதான் போயிருப்பாங்க."

மாமா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "விளையாத காட்டுக்காரன் 'எனக்குத் தண்ணி வேண்டாம்'னு சொன்னா எவனும் மதிக்க மாட்டான். வெள்ளாமை நிக்கிறவன் சொன்னாத்தான் பேச்சு எடுபடும். தான் பயிரைக் காயப்போட்டு அடுத்தவனுக்குக் கேட்டிருக்கான். பெரிய மனுஷன்டா!"

எடுபடத்தான் செய்தது. அடுத்த உலகக் கோப்பை 1970-ல், மெக்ஸிகோவில். ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு இடம் ஒதுக்கப்பட்டது. போனது மொராக்கோ. சண்டை போட்ட கானா? அது தன் முதல் உலகக் கோப்பையில் கால் வைக்க 2006 வரை, நாற்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1966-ல் பூட்ஸைக் கழற்றி வைத்தவர்களில் ஒருத்தருக்கும் அந்த வாய்ப்பு திரும்ப வரவில்லை.

உலகம் சிரித்த ஒரு உதை

குட்டிக்கானம் இறக்கத்தில் பஸ் வளைந்து வளைந்து போக, பையன் கதையும் போய்க்கொண்டிருந்தது.

1974-ல் மேற்கு ஜெர்மனிக்குப் போனது ஜயர். இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. சஹாராவுக்குத் தெற்கேயிருந்து உலகக் கோப்பைக்குப் போன முதல் அணி. யூகோஸ்லாவியாவிடம் 9-0 என்று உதை வாங்கியது. அடுத்த மேட்ச் பிரேசிலோடு. பிரேசிலுக்கு ஃப்ரீ கிக். விசில் ஊதியதுதான் தாமதம், தடுப்புச் சுவராக நின்ற ஜயர் ஆட்டக்காரர் முவெப்பு இலுங்கா, திடுதிடுவென்று ஓடி வந்து பந்தைத் தானே ஒரு உதை உதைத்து மைதானத்தின் அந்தக் கோடிக்கு அனுப்பினார். உலகமே விழுந்து விழுந்து சிரித்தது. 'பாவம், ரூல்ஸ்கூடத் தெரியாமல் வந்திருக்கிறார்கள்' என்று வருஷக்கணக்கில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள்.

இலுங்கா பின்னாளில் சொன்ன காரணம் வேறு. ரூல்ஸ் அவருக்கு நன்றாகவே தெரியும். யூகோஸ்லாவியாவிடம் தோற்றதும் அதிபர் மொபுட்டுவின் ஆட்கள் வந்தார்களாம். 'பிரேசிலிடம் நாலு கோல் வாங்கினால் ஒருத்தரும் ஊருக்குத் திரும்ப முடியாது' என்று மிரட்டினார்களாம். பேசிய பணமும் கைக்கு வரவில்லை. அந்த உதை பயத்தில், கோபத்தில் உதைத்த உதை. மேட்ச் 3-0-ல் முடிந்தது. உயிர் தப்பியது.

"சிரிச்சவன் எவனும் என்னன்னு ஒரு வார்த்தை கேக்கலையாக்கும்?" என்றார் மாமா.

1982-ல் ஸ்பெயினில் அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியையே 2-1 என்று கவிழ்த்தது. அல்ஜீரியா தன் மேட்ச் எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்க, மறுநாள் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி ஒரு கோலோ இரண்டு கோலோ வித்தியாசத்தில் ஜெயித்தால் இரண்டு பேருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று கணக்கு. பத்தாவது நிமிஷம் ஜெர்மனி ஒரு கோல் போட்டது. அப்புறம்? மீதி நேரமெல்லாம் 'இந்தா பிடி, நீ வெச்சுக்க' என்று இரண்டு பேரும் பந்தை உருட்டிக்கொண்டே பொழுதைப் போக்கினார்கள். அல்ஜீரியா அவுட்! அந்த அசிங்கத்துக்குப் பிறகுதான், ஒரு பிரிவின் கடைசி இரண்டு மேட்சையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று விதியை மாற்றினார்கள்.

"மேமடைக்காரனும் நடுமடைக்காரனும் ராத்திரியோட ராத்திரியா பேசி வெச்சு ஷட்டரை இறக்குறது! எங்க ஊர்லயும் உண்டு" என்றார் மாமா. இப்போது அவர் மீனை மறந்திருந்தார் என்பது என் கணிப்பு.

ராத்திரி டான்ஸ்

1990 கதையைப் பையன் ஆரம்பித்தபோது நான் குறுக்கே விழுந்தேன். அது என் கதை. அவன் பிறப்பதற்கே வருஷம் கிடந்தது.

அப்போது எங்கள் தெருவுக்கே இரண்டு டி.வி. கொடைக்கானல் டவர் புண்ணியத்தில் தூர்தர்ஷன். ஜூன் 8, ராத்திரி ஒன்பதரை மணிக்கு முதல் மேட்ச். மரடோனாவின் அர்ஜென்டினா, நடப்பு சாம்பியன். எதிரே கேமரூன். 'எத்தனை கோல்?' என்பதில்தான் பந்தயமே தவிர, யார் ஜெயிப்பார்கள் என்று யாரும் பந்தயம் கட்டவில்லை. ஓமம் பியிக் எம்பி ஒரு முட்டு முட்டினார் பாருங்கள், அர்ஜென்டினா கீப்பர் கையில் பட்டு, உருண்டு, உள்ளே! கேமரூனில் இரண்டு பேரை ரெட் கார்டு காட்டி வெளியே அனுப்பி, ஒன்பது பேரோடு நின்று ஜெயித்தார்கள்.

அப்புறம் ரோஜர் மில்லா. வயசு 38. ஓய்வு பெற்ற மாதிரி ஒரு தீவில் ஆடிக்கொண்டிருந்தவரை, 'நீ வந்தே ஆகணும்' என்று நாட்டின் அதிபரே கூப்பிட்டு அணியில் சேர்த்தார். நாலு கோல். ஒவ்வொரு கோலுக்கும் மூலைக் கொடிக்கம்பத்துக்கு ஓடிப் போய் இடுப்பை வளைத்து ஒரு டான்ஸ். மறுநாள் எங்கள் பக்கத்துப் பையன்கள் ஆட்டுக்கு நட்ட முளைக்குச்சியைச் சுற்றி அதே டான்ஸை ஆடினார்கள். ஆடு மிரண்டது தனிக்கதை.

கால் இறுதியில் இங்கிலாந்திடம் 3-2 என்று, அதுவும் கூடுதல் நேரத்தில் விழுந்த பெனால்டி கோலில், தோற்றது கேமரூன். இங்கே அர்த்தராத்திரி. டி.வி-யை அணைத்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கேயோ இருக்கிற ஒரு நாட்டுக்காக அழுகிற அளவுக்கு என்ன வந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஆனால் அடுத்த உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவின் பங்கு இரண்டிலிருந்து மூன்றாகியது. 1998-ல் ஐந்து.

"இது கேட்டு வாங்கினது இல்ல, விளைஞ்சு காட்டி வாங்கினது" என்றார் மாமா.

காலி நாற்காலிகளுக்கு முன்னால்

கொச்சி கலூர் ஸ்டேடியம். பிரேசில் - ஸ்பெயின் மேட்ச் 2-1 என்று பிரேசில் பக்கம் முடிந்தது. மஞ்சள் சட்டைக்காரர்கள் ஊதுகுழலும் மேளமுமாகக் கிளம்பிவிட்டார்கள். நைஜர் பையன்கள் இறங்கியபோது எங்கள் வரிசையில் பாதி நாற்காலி காலி.

"இவங்க ஊருல தண்ணி உண்டாடா?" என்றார் மாமா.

"முக்கால்வாசி பாலைவனம் தாத்தா. கடலும் கிடையாது. தென்மேற்கு மூலையில ஒரு ஆறு. நைஜர் ஆறு. அதோட பேருதான் நாட்டுக்கே."

அவ்வளவுதான். மாமா அந்த நிமிஷத்திலிருந்து நைஜர் பிரஜை.

59-வது நிமிஷம். சலீம் அப்துரஹ்மான் என்கிற பொடியன் பந்தை வலைக்குள் அனுப்பினான். மாமா எழுந்து நின்று ஒரு விசில் அடித்தார். மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு அடிக்கிற விசில். முன் வரிசை மலையாளக் குடும்பம் திரும்பிப் பார்த்து, பிறகு அவர்களும் கைதட்டினார்கள். 1-0. முதல் தடவையாக உலகக் கோப்பைக்கு வந்த நைஜர், முதல் மேட்சிலேயே ஜெயித்துவிட்டது. அந்த ஒரு வெற்றியே அவர்களை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோகப் போதுமானதாக இருந்தது.

வெளியே வந்தால் மணி பத்து தாண்டியிருந்தது. மீன் கடை மூடியாச்சு. பஸ் ஸ்டாண்ட் எதிரில் பரோட்டா சாப்பிட்டோம். மாமா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை!

அந்தப் போட்டியின் மீதிக் கதையும் சொல்லிவிடுகிறேன். நம் இந்தியப் பையன்களை டெல்லியில் கானா 4-0 என்று தோற்கடித்தது. அடுத்த சுற்றில் கானா நைஜரை வீழ்த்த, கால் இறுதியில் மாலி கானாவை வீழ்த்தியது. அரை இறுதியில் ஸ்பெயினோடு மோதியபோது, மாலி பையன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது. டி.வி-யில் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. ரெஃபரிக்குத் தெரியவில்லை. கோல் இல்லை என்றார். மாலி 3-1 என்று தோற்றது.

தேனி மாவட்டத்தில் பாதிகூட இல்லை!

2022-ல் கத்தாரில் மொராக்கோ, பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் என்று பெரிய தலைகளை வரிசையாகச் சாய்த்து அரை இறுதி வரை போனது. ஆப்பிரிக்காவிலிருந்து அதுவரை யாரும் போகாத தூரம். அதே சமயம் கோழிக்கோடு பக்கம் புல்லாவூர் ஆற்றில் மெஸ்ஸி, நெய்மர், ரொனால்டோவுக்கு வானளாவ கட்-அவுட் வைத்தார்கள். மொராக்கோகாரருக்கு வைத்ததாகக் கேள்விப்படவில்லை. ஆனால் அதே மலபாரில், செவன்ஸ் ஃபுட்பால் சீசன் வந்துவிட்டால் நைஜீரியா, கானா, ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர்கள் இல்லாமல் ஒரு அணியும் இல்லை. எந்த நாட்டுக்காரர் வந்தாலும் அங்கே 'சூடானி'தான். 2018-ல் வந்த 'சூடானி ஃப்ரம் நைஜீரியா' படத்தின் பெயரே அந்தக் கூத்துதான்.

2026 உலகக் கோப்பைக்கு இடங்களை 48 ஆக்கியபோது, ஆப்பிரிக்காவின் நேரடிப் பங்கு 9 ஆனது. 2025 அக்டோபர் 13 ராத்திரி என் செல்போன் அடித்தது. அண்ணன் மகன்தான். இப்போது ஓசூர் பக்கம் வேலை.

"சித்தப்பா! கேப் வெர்டே தகுதி பெற்றாச்சு! கேமரூனைப் பின்னால தள்ளிட்டு பிரிவுல முதலிடம்!"

"அது எங்கேடா இருக்கு?"

"அட்லாண்டிக் கடல்ல பத்துத் தீவு. மொத்த ஜனமே அஞ்சு லட்சம் சொச்சம்."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்ட ஜனத்தொகை 12 லட்சத்து 45 ஆயிரத்துச் சொச்சம். அதில் பாதிகூட இல்லாத ஒரு நாடு! மழை பொய்த்துப் போய், பிழைப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறிய ஜனம். அவர்களுடைய பிள்ளைகளைப் பல நாடுகளிலிருந்து தேடிப் பிடித்துத்தான் அணியே. டப்ளினில் பிறந்த ராபர்டோ லோப்பஸுக்கு, வேலை தேடுகிறவர்கள் பதிந்துவைக்கிற 'லிங்க்ட்இன்' வழியாக அந்த அணியின் கோச் அழைப்பு அனுப்பினார். போர்ச்சுகீஸில் இருந்ததால், 'ஏதோ விளம்பரம்' என்று அவர் மாசக்கணக்கில் கண்டுகொள்ளவே இல்லை. கோச் விடாமல் மறுபடி எழுதியதால்தான் அவருக்கு உலகக் கோப்பைக் கதவு திறந்தது.

மாமாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். உடனே கணக்கு கேட்டார். "ஆப்பிரிக்காவுல மொத்தம் எத்தனை ஊரு?"

"54 மாமா. 9 இடம்."

"ஐரோப்பாவுல?"

"55. அவங்களுக்கு 16."

"அப்ப இன்னும் பேச வேண்டியது பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

எங்கள் ஊர்ப் பையன்கள் கதையையும் ஒரு வரி சொல்லி முடித்துக்கொள்கிறேன். அவர்களுக்கு என்று மைதானம் கிடையாது. இரண்டாம் போக அறுப்பு முடிந்து கட்டாந்தரையாகக் கிடக்கிற வயல்தான் கிரவுண்ட். இரண்டு குச்சி நட்டால் கோல் போஸ்ட். முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பது வழக்கமாக ஜூன் மாசம். உலகக் கோப்பையும் பெரும்பாலும் ஜூனில்தான் ஆரம்பிக்கும். டி.வி-யில் பந்து உருளத் தொடங்குகிற அதே வாரத்தில் எங்கள் பையன்களின் கிரவுண்டில் தண்ணீர் பாய்ந்துவிடும்!

ஆனால் ஒரு வரப்பிரசாதம். தண்ணீர் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேருவது மாமாவின் வயலுக்கு. அதனால் ஊரிலேயே கடைசி வரைக்கும் பந்து உருளுகிற இடம் அந்த முக்கால் ஏக்கர்தான். இத்தனை வருஷமாகப் பையன்களை விரட்டிக்கொண்டிருந்த மனுஷர், கொச்சி போய் வந்த பிறகு விரட்டுவதில்லை. வரப்பில் உட்கார்ந்துகொண்டு விசில் அடிக்கிறார்.